தொட்டியில் முளைத்த பெயரறியாக் கடற்பஞ்சு

கிணற்றில் இரண்டு மீன்களை விட்டு வைப்பது நம் ஊர்ப்பக்கத்து வழக்கம். பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து, மாடிமேல் மாடியாக அடுக்கிய குடியிருப்புகளில் வாழும் நமக்குக் கிணறு ஏது, குளம் ஏது? அக்குறையைக் கண்ணாடித் தொட்டி ஒருவாறு தீர்த்து வைக்கிறது. மும்பையில் கடற்கரைச் சாலையில் 1951ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தாராபூர்வாலா மீன் காட்சிச்சாலையைக் குழந்தைகளுடன் சென்று கண்டு, வீடு திரும்பும்போதே "நம் வீட்டிலும் ஒன்று வேண்டும்" என்ற பிடிவாதத்துக்கு ஆளான தந்தைமார் நம்மிடையே பலர். முதலில் தங்கமீன், பிறகு நன்னீர்த் தொட்டி, அதன்பின் உப்புநீரும் பாறையும் மென்பவளமும் கொண்ட கடல்நீர்த் தொட்டி என்று இந்த ஆசை படிப்படியாக ஏறுவது இயல்பு.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் எல்லாரும் என்றேனும் ஒருநாள் ஒரு விருந்தாளியைச் சந்தித்தே தீர்வர். அழைப்பின்றி வந்த விருந்தாளி அது. பாறையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு படலம்; அல்லது நீர் வடியும் குழாயின் வாயில் வெண்மையான சிறு குடங்கள்; அல்லது பவளத்தின் அருகே சாம்பல் நிறத்தில் ஒரு தகடு. யாரும் வாங்கி வைக்கவில்லை. நேற்றுவரை கண்ணில் படவுமில்லை. இது பூஞ்சையா, பாசியா, பவளமா, நஞ்சா என்ற ஐயம் உடனே எழுகிறது. ஐயத்தோடு அச்சமும் சேர்ந்துகொண்டால், கை நேரே கத்தியை நாடுகிறது.

நம் ரயில்வே குடியிருப்பில் நான்கு குடும்பங்கள் மாதச் சந்தா போட்டுச் சேர்த்த பணத்தில் இருநூறு லிட்டர்த் தொட்டி ஒன்று இரண்டாண்டுகளாக இருந்து வருகிறது. அதில் ஒரு ஜோடி கோமாளி மீன்களும், சில நத்தைகளும், பொத்தான் போன்ற மென்பவளங்களும் உண்டு. சென்ற மழைக்காலத்தில் இத்தொட்டியின் பெரிய பாறைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் படலம் ஒன்று தோன்றியது. பக்கத்து வீட்டுச் சிறுமிதான் அதை முதலில் கண்டவள். "மாமா, கல்லுக்குப் புண் வந்திருக்கிறது, பாருங்கள்" என்றாள். அன்று மாலையே மாநாடு கூடிற்று. கல்லை எடுத்துக் கொதிநீரில் போட்டு அவிக்க வேண்டும் என்றார் ஒரு பெரியவர். பிளீச்சிங் திரவம் இரண்டு மூடி ஊற்றினால் போதும் என்றார் மற்றொருவர். இவ்விரண்டில் எதைச் செய்திருந்தாலும் தொட்டி பாழாகியிருக்கும். முதலாவதைச் செய்திருந்தால் மனிதர் உயிருக்கே கேடு நேர்ந்திருக்கலாம். அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம். இத்தகைய ஐயம் மற்ற அன்பர்களுக்கும் நேரக்கூடும் ஆதலின், படித்தும் பார்த்தும் நாம் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

செடியா, பிராணியா?

கடற்பஞ்சு ஒரு பிராணி. ஆனால் பிராணி என்றதும் நம் மனத்தில் தோன்றும் உறுப்பு எதுவும் அதற்கு இல்லை. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை, தசை இல்லை. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் வாழ்கிறது. ஆகவே நெடுங்காலம் அதனைச் செடியினத்திலேயே பலர் சேர்த்து வந்தனர். 1825ஆம் ஆண்டையொட்டி எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் கிராண்ட் என்பார் உயிருள்ள கடற்பஞ்சை நுண்பெருக்கியின் கீழ் வைத்துக் கூர்ந்து நோக்கினார். அதன் பெரிய துளையிலிருந்து நீர் இடையறாது ஊற்றெடுத்து வெளியேறுவதைக் கண்டார். நீரை உள்ளிழுத்து, உணவை வடித்துக்கொண்டு, எஞ்சியதை வெளியே தள்ளும் பிராணியே இது என்பது அதன்பின் தெளிவாயிற்று.

அதன் உடல் அமைப்பு வியப்புக்குரியது. மேற்பரப்பெங்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே நீர் உட்புகுந்து, வாய்க்கால் போன்ற வழிகளில் ஓடி, சிறு அறைகளை அடைகிறது. அந்த அறைகளின் சுவரில் சாட்டை போன்ற இழையுடைய உயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவை ஓயாது சுழற்றும் சாட்டைகளே நீரோட்டத்தை உண்டாக்குகின்றன. நீரில் மிதக்கும் பாக்டீரியாவும் நுண்துகளும் அவற்றுக்கு இரை. இவ்வாறு ஒரு கடற்பஞ்சு தன் உடலின் பருமனைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு நீரை ஒரே நாளில் வடிகட்ட வல்லது. உடலைத் தாங்கி நிற்கும் எலும்புக்கூடு போல, கண்ணாடி மணற்பொருளாகிய சிலிக்காவினாலோ சுண்ணப்பொருளினாலோ ஆன ஊசிகள் உள்ளே பின்னிக் கிடக்கின்றன. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கடற்பஞ்சு வகைகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். அவற்றுள் ஓரிருநூறே நன்னீரில் வாழ்வன. மற்றவை யாவும் கடலுக்குரியவை.

தமிழ்நாட்டுக் கரைக்கும் இவ்வாராய்ச்சிக்கும் பழைய தொடர்பு உண்டு. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை ஆராய வந்த ஹெர்ட்மன் 1902ஆம் ஆண்டு இலங்கைப் பக்கத்துக் கடலில் திரட்டிய கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி என்ற விஞ்ஞானி ஆராய்ந்து 1905இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். முத்துச் சிப்பியின் ஓட்டையே துளைத்துக் குடியிருக்கும் ஒருவகைப் பஞ்சுக்கு அவர் அப்போது பெயரிட்டார். பின்னர் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஏ. தாமஸ் என்பார் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாக் கடற்பஞ்சுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து பட்டியல் செய்தார்.

எங்கிருந்து வந்தது?

வாங்காத பொருள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று பலர் திகைக்கின்றனர். கடற்பஞ்சின் குஞ்சு கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு துகள். நீரில் சிறிது காலம் நீந்தி, ஏற்ற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பாறைத் துண்டின் பொந்திலோ, நத்தையின் ஓட்டிலோ, மென்பவளம் ஒட்டியிருக்கும் சிறு பீங்கான் வில்லையின் அடியிலோ கடுகளவு ஒட்டியிருந்தால் போதும். மாதக்கணக்கில் அது ஒளிந்திருக்கும். தொட்டியில் உணவு மிகுந்து, இருண்ட இடமும் இதமான நீரோட்டமும் அமைந்தால் பரவத் தொடங்கும். ஆகவே கடற்பஞ்சு தோன்றியதனால் மட்டும் தொட்டி கெட்டுவிட்டது என்று பொருளன்று. நீர் தூயதாகவும் முதிர்ந்ததாகவும் இருப்பதற்கே அது பல வேளைகளில் அடையாளம்.

முதலில் பதிவு, பிறகு தீர்ப்பு

நாம் பணிபுரியும் பார்சல் அலுவலகத்தில் முகவரி அழிந்த மூட்டை ஒன்று வந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. எந்த வண்டியில் வந்தது, எடை என்ன, மேலே என்ன குறி உள்ளது என்று முதலில் பதிவேட்டில் எழுதுகிறோம். உரிமையாளர் யார் என்பது பெரும்பாலும் அந்தப் பதிவிலிருந்தே விளங்கிவிடும். தொட்டியில் தோன்றிய பெயரறியாப் பொருளுக்கும் இம்முறையே ஏற்றது.

ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்க. கண்ட நாள், இடம், நிறம், அகலம், ஒளி படும் இடமா இருண்ட இடமா, அருகில் உள்ள பவளம் எது, எத்தனை தூரத்தில் உள்ளது என்பவற்றை எழுதுக. கண்ணாடிக்கு வெளியே அளவுகோலை ஒட்டி வைத்துக் கைப்பேசியில் படம் எடுக்க. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே கோணத்தில் படம் எடுத்தால் வளர்ச்சியின் வேகம் தானே விளங்கும். வாரத்தில் ஒருநாள் இரவு, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கைவிளக்கின் ஒளியில் நோக்குதலும் நலம். அதை மேய வரும் நத்தையோ பிற உயிரோ இருப்பின் அப்போது புலப்படும்.

ஒத்த உருவமுடைய பிறவுயிர்கள்

கடற்பஞ்சு என்று நாம் எண்ணுவன எல்லாம் கடற்பஞ்சு அல்ல. கூட்டமாக வாழும் கடற்பீச்சிகள் பஞ்சுப்படலம் போலவே தோன்றும். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் பூவிதழ்போல் வட்டவட்டமான ஒழுங்கு அவற்றில் பெரும்பாலும் தெரியும். மெல்லிய குச்சியால் தொட்டால் துளைகள் சட்டென மூடிக்கொள்ளும். கடற்பஞ்சு அவ்வாறு விரைந்து சுருங்குவதில்லை. சுருங்கினாலும் மிக மெதுவாகவே நிகழும். நீலப்பச்சைப் பாசி எனப்படும் பாக்டீரியாப் படலம் வழவழப்பாக இருக்கும்; குழாயால் உறிஞ்சினால் தோல்போல் உரிந்து வந்துவிடும். ஊதாநிறச் சுண்ணப்பாசி கல்லைப்போல் கடினமாக இருக்கும். நகத்தால் கீறினாலும் பெயராது. பாசிப்பூச்சிகளின் கூட்டம் நுண்ணிய பின்னல் வலைபோல் ஒழுங்கான அறைகளைக் காட்டும். நத்தை முட்டைகள் சுருளாகவோ வரிசையாகவோ படிந்து, சில நாளில் மறைந்துவிடும்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

முதலாவது சோதனை நீரோட்டச் சோதனை. தொட்டியின் பம்புகளைச் சற்று நிறுத்துக. பவளங்களுக்கு ஊட்டும் பச்சை நிற நுண்பாசித் திரவத்தில் ஓரிரு சொட்டுகளை நீண்ட சொட்டுக்குழாயால் அந்தப் படலத்தின் அருகே மெல்ல விடுக. சிறிது நேரத்தில் பச்சை நிறம் மேற்பரப்பை நோக்கி இழுபட்டு, பெரிய துளையின் வழியே தெளிந்த நீர் பீறிட்டு எழுவது தெரிந்தால், அது கடற்பஞ்சு என்பது பெரும்பாலும் உறுதி. நம் குடியிருப்புக் குழந்தைகள் இதைக் கண்டு கை கொட்டி மகிழ்ந்தனர். "கல்லுக்குப் புண்" என்ற சிறுமி, "மாமா, கல் மூச்சு விடுகிறது" என்று திருத்திச் சொன்னாள்.

இரண்டாவது ஊசிச் சோதனை. கையுறை அணிந்து, அவரை விதையளவு துண்டு ஒன்றை எடுத்துச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, வீட்டில் வெளுக்கப் பயன்படும் பிளீச்சிங் திரவம் சிறிது ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் வைக்க. சதைப்பகுதி கரைந்து, வெண்பொடி அடியில் தங்கும். அதைப் பலமுறை நீர் விட்டுக் கழுவி, பள்ளிக்கூட நுண்பெருக்கியில் நோக்கினால் ஊசிகளும் நட்சத்திரங்களுமாக அழகிய உருவங்கள் தெரியும். வகை அறிவதற்கு வல்லுநர்கள் நம்புவது இவ்வூசிகளின் வடிவத்தையே, நிறத்தை அன்று. ஏனெனில் ஒரே வகை பல நிறங்களிலும், பல வகைகள் ஒரே நிறத்திலும் காணப்படும். ஊசிகள் இல்லாத கடற்பஞ்சுகளும் சில உண்டு ஆதலின், பொடி தங்காவிடின் அது பஞ்சு அன்று என்று உடனே தீர்த்துவிடவும் கூடாது.

மூன்றாவது வினிகர்ச் சோதனை. பிறிதொரு புதிய துண்டை எடுத்து, வேறு கிண்ணத்தில், வேறு நாளில் வினிகர் விடுக. நுரைத்துக் குமிழி எழுந்தால் ஊசிகள் சுண்ணப்பொருள். எழாவிடின் சிலிக்காவாக இருக்கலாம். பாறைத்தூள் ஒட்டியிருந்தால் அதுவும் நுரைக்கும் என்பதை நினைவிற் கொள்க. பிளீச்சிங் திரவத்தையும் வினிகரையும் எக்காரணத்தாலும் ஒன்று சேர்க்கலாகாது. சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். இச்சோதனைகளைப் பெரியவர்களே செய்தல் வேண்டும்; குழந்தைகள் பார்ப்பதோடு நிற்கட்டும்.

அடிக்கடி காணும் வகைகள்

சிறு குடம்போல் வெண்மையாக, வாயைச் சுற்றி மயிர்க்கிரீடம் சூடி நிற்பது சைக்கன் என்னும் சுண்ணப்பஞ்சு. அன்னாசிப் பஞ்சு என்று தொட்டி வளர்ப்போர் அழைப்பர். பெரும்பாலும் ஓரங்குலத்துக்கும் குறைவாகவே இருக்கும். இருண்ட சம்ப் அறையிலும் குழாய்களிலும் நூற்றுக்கணக்கில் திடீரெனத் தோன்றி, சில மாதங்களில் தானே குறைந்துவிடுவது வழக்கம். பம்பின் வாயை அடைக்காதவரை இதனால் தீங்கில்லை.

பந்துபோல் உருண்டு, மேலே சிறு மொட்டுகளை நூலிழையில் தாங்கி நிற்பது டெதியா. அம்மொட்டுகள் உதிர்ந்து புதிய பந்துகளாகும். இதுவும் சாதுவானதே. பாறையின் அடியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, வெண்மை நிறங்களில் படரும் படலப்பஞ்சுகள் பல. ஒளிபடாத இடத்தில் இருக்கும்வரை இவற்றில் பெரும்பாலானவை நன்மையே செய்வன.

எச்சரிக்கையுடன் நோக்க வேண்டியவை ஒளியில் வளர்வன. ஈரல்துண்டு போலப் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாகப் படரும் காண்ட்ரில்லாவும், நீலச்சாம்பல் நிறத்தில் மெல்லிய தகடாக விரியும் கொலோஸ்பாஞ்சியாவும் அத்தகையன. ஒளியிலிருந்து உணவு ஆக்கும் நுண்ணுயிர்கள் இவற்றின் உடலிலேயே வாழ்வதால், இவை வெளிச்சத்துக்கு வந்து பவளத்தின் இடத்தைப் பறித்துக்கொள்ளும். நம் நண்பர் ஒருவருக்கு இந்த நீலத்தகட்டையே "அபூர்வப் பவளம்" என்று சொல்லி நல்ல விலைக்கு விற்றிருக்கிறார் ஒரு கடைக்காரர். அரை ஆண்டுக்குள் அது பக்கத்திலிருந்த பவளங்களை மூடத் தொடங்கிவிட்டது.

பாறையிலும் சிப்பியிலும் குண்டூசித் துளைகள்போல் மஞ்சள் அல்லது செம்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது கிளையோனா இனத்துத் துளைப்பஞ்சாக இருக்கலாம். சுண்ணக் கல்லை உள்ளிருந்தே அரித்துப் பொடியாக்க வல்லது அது.

இயற்கைக் கடலிலும் இப்போட்டி நடக்கிறது. டெர்பியோஸ் ஹோஷினோட்டா என்னும் கரும்பஞ்சு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புடையது. ஆயினும் உயிருள்ள பவளங்களைப் போர்த்திக் கொன்றுவிடுகிறது. குவாம் தீவில் இதைப் பற்றிய குறிப்பு 1973இல் வெளிவந்தது. 1993இல் முறைப்படி பெயரிடப்பட்டது. அண்மைக் காலத்தில் பாக் விரிகுடாப் பவளங்களிலும் இது காணப்பட்டதாக விஞ்ஞானிகள் அறிவித்துள்ளனர்.

விடுவதா, அகற்றுவதா?

மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் முடிவு எளிதாகும். அது பவளத்தைத் தொடுகிறதா? ஒளியுள்ள இடத்தில் விரைந்து பரவுகிறதா? பம்பையோ குழாயையோ அடைக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்பது விடையானால், அதை அப்படியே விட்டுவிடுவதே அறிவுடைமை. அது ஊதியம் வாங்காத துப்புரவுப் பணியாளன் அன்றோ! 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்குச் சான்று பகர்கிறது. நீரில் கரைந்துள்ள உயிர்க்கழிவை மற்றப் பிராணிகளால் உண்ண முடியாது. கடற்பஞ்சு அதை உறிஞ்சித் தன் உயிரணுக்களாக்கி, பிறகு அவ்வுயிரணுக்களைத் துகளாக உதிர்த்து, பிறவுயிர்களுக்கு உணவாக்குகிறது என்று அதில் நிறுவப்பட்டது. உணவு அரிதாகிய பவளத்திட்டு செழித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

பரவும் வேகத்தை மட்டும் குறைக்க விரும்பினால், ஊட்டும் உணவைக் குறைப்பதே முதல் மருந்து. மீன் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போடுக. பவளத்துக்கென ஊற்றும் திரவ உணவைச் சில வாரம் நிறுத்துக. வாரம் பத்து முதல் இருபது சதவிகித நீரை மாற்றுக. புரோட்டீன் ஸ்கிம்மரையும் ஆக்டிவேடட் கார்பனையும் பயன்படுத்துக. குழாய்நீரில் சிலிக்கா இருக்கக்கூடும் ஆதலால், ஆவியாகும் நீருக்கு ஈடு செய்ய வடிகட்டிய தூய நீரையே ஊற்றுக.

அகற்றும் முறை

அகற்றியே தீர வேண்டும் என்றால், தொட்டிக்குள்ளேயே சுரண்டுவது கூடாது. 1907ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி எச். வி. வில்சன் ஒரு கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணியின் வழியே பிழிந்து தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்தார். அவ்வுயிரணுக்கள் மீண்டும் ஊர்ந்து ஒன்றுகூடிப் புதிய பஞ்சாக உருவெடுத்தன! இத்தகைய பிராணியைக் கத்தியால் சீவி நீரில் மிதக்க விட்டால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம். வேறொரு பகுதியில் வாழும் நம் அன்பர் ஒருவர் ஓரிரவு அவ்வாறே செய்தார். மறுநாள் நீர் கலங்கி, அம்மோனியா ஏறி, இரண்டு மீன்கள் மாண்டன. அடுத்த மாதம் அதே பஞ்சு ஐந்து இடங்களில் முளைத்தது.

சரியான முறை இது. தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு, பாறையை மெல்ல அதற்கு மாற்றுக. கையுறையும் கண்ணாடியும் அணிக. பஞ்சின் ஊசிகள் தோலில் தைத்துப் பல நாள் எரிச்சல் தரும். நீருக்குள்ளேயே, அடியிலுள்ள கல்லையும் சிறிது சேர்த்து உளியால் பெயர்த்தெடுக்க. வேறு உப்புநீரில் பாறையை அலசிய பின்னரே தொட்டிக்குத் திருப்புக. வாளி நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. பாறையை எடுக்க இயலாதபோது, பம்பை நிறுத்தி, படலத்தின் மீதும் அதன் ஓரத்துக்கு அப்பாலும் எபாக்ஸி மாவை அப்பி மூடிவிடலாம். நீரும் உணவும் இன்றி உள்ளேயே அது மடியும். சிறிய திட்டானால் சூப்பர் குளூ ஜெல் போதும். பெரிய திட்டை ஒரே நாளில் மூடாமல், சிறிது சிறிதாகப் பல வாரங்களில் மூடுக. மடியும் பஞ்சு அழுகி அம்மோனியாவை உண்டாக்கும் ஆதலின், மாற்று நீரும் கார்பனும் ஆயத்தமாக இருக்கட்டும்.

பஞ்சுண்ணும் மீனை வாங்கி விட்டால் என்ன என்று சிலர் கேட்பர். தேவமீன் எனப்படும் பெரிய ஏஞ்சல் மீன்களில் பல கடற்பஞ்சை உண்பவையே. ஆனால் பவளத்தையும் கொறிக்கும். இருநூறு லிட்டரில் வாழவும் இயலாது. சிலவகைக் கடல் ஓடிலி நத்தைகள் குறிப்பிட்ட ஒரு பஞ்சையே உண்ணும். அது தீர்ந்தால் பட்டினியால் சாகும். எனவே இவ்வழி நமக்கு உகந்ததன்று.

ஒருபோதும் செய்யத்தகாதது

கல்லை அவித்துவிடலாம் என்ற யோசனையைப் பற்றி முன்னர்க் குறிப்பிட்டோம். பொத்தான் போன்ற மென்பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. ஹவாய்த் தீவில் மூர், ஷாயர் என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்து 1971இல் அறிவித்தனர். அத்தகைய பவளம் ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்தாலும், வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலும், அந்த நஞ்சு நீர்த்துளிகளோடு காற்றில் கலந்து, வீட்டிலுள்ளோர் அனைவரும் மூச்சுத்திணறலும் காய்ச்சலும் கொண்டு மருத்துவமனைக்குச் செல்லும்படி நேர்ந்தது வெளிநாடுகளில் பலமுறை பதிவாகியுள்ளது. சமையலறையும் படுக்கையறையும் ஒன்றாகிய நம் சிறு வீடுகளில் இதன் அபாயம் இன்னும் பெரிது. தொட்டிக் கல்லை அடுப்பில் ஏற்றவே கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் அன்பர்கள் மறவாதிருப்பின், இக்கட்டுரை எழுதியதன் பயன் கைகூடியதாக எண்ணுவோம்.

சட்டமும் கடலும்

விடுமுறையில் ஊர் செல்லும்போது இராமேசுவரத்திலோ தூத்துக்குடியிலோ ஒரு கல்லோ பவளமோ எடுத்து வந்தால் என்ன என்று தோன்றலாம். அது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் கற்பவளங்களும் கடல்விசிறிகளும் சுண்ணப்பஞ்சுகளும் 2001இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகும். அயல்நாட்டிலிருந்து வரும் உயிர்களிலும் சிலவற்றுக்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி பதிவு தேவைப்படுகிறது. ஆகவே வாங்கும்போது ரசீதும் உரிய ஆவணமும் கேட்டுப் பெறுக.

தொட்டியில் வேண்டாதவற்றைக் கடலிலோ கால்வாயிலோ எறிவதும் தகாது. வளர்ப்புக்கெனக் கொணர்ந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மீது படர்ந்து கேடு விளைத்தது 2008இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. அகற்றிய பஞ்சை நன்கு வெயிலில் உலர்த்தி, பிறகே குப்பையில் சேர்க்க.

நம் தொட்டியின் ஆரஞ்சுப் படலத்தை மூன்று மாதம் அளந்து வந்தோம். பாறையின் அடியில் ஆறு வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர் பரவிற்று. உணவைக் குறைத்தபின் ஏறக்குறைய நின்றது. மென்பவளத்தை நோக்கி நீண்ட ஒரு விரலளவுப் பகுதியை மட்டும் எபாக்ஸியால் மூடினோம். எஞ்சியது இன்றும் அங்கேயே உள்ளது. அதன் முறையான பெயரை நாம் இன்னும் அறியோம். அதன் நடத்தையை அறிவோம். கோமாளி மீன்கள் இரண்டும் நலம். அளவுக் குறிப்பேட்டை இப்போது எழுதி வருபவள் அந்தச் சிறுமியே.

அறியாத ஒன்று வீட்டில் தோன்றினால் அச்சப்படுதல் மனித இயல்பு. அச்சத்தை ஒரு குறிப்பேடும் பதினைந்து நாள் பொறுமையுமாக மாற்றிக்கொள்வது கல்வியின் இயல்பு. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கல்வி புத்தகத்தில் மட்டுமின்றி, வீட்டு மூலையிலுள்ள கண்ணாடித் தொட்டியிலும் கிடைக்குமாயின் அதனினும் வேறு பேறு யாது?